மாஸ்டர் விட்ட இடைவெளி

ரவாங்கிலிருந்து இந்தத் தொடர்கதையின் வாசகி ஒருவர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். நாலு பக்கமும் சண்முகரத்தினத்துக்கு அர்ச்சனை. "பெத்த தாய் அறைக்குள் ஆம்பிளைக் குரல் கேட்டால், எட்டிப் பார்க்க ஒரு மகனுக்கு இத்தனை வாரமா?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். எனக்கும் அந்த ஆள் மேல் கோபம் உண்டு. முப்பத்தி நாலு வயசு, பெட்டாலிங் ஜெயாவில் இன்சூரன்ஸ் ஆபீஸில் சூப்பர்வைசர், ஆனால் பேய் என்ற பேச்சு எடுத்தால் இன்னும் போர்வையைத் தேடுகிற ஜென்மம். நான் என்ன செய்யட்டும் சொல்லுங்கள்?

போன வாரம் ஒருவழியாக எட்டிப் பார்த்துவிட்டான். உள்ளே யாரும் இல்லை. அம்மா பூரணம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே அப்பாவின் நாற்காலி. நாற்காலி மேல் ரேடியோ கேசட் பெட்டி. அதற்குள்ளிருந்து செத்துப்போன அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சண்முகத்தின் அப்பா சீவரத்தினம் மாஸ்டர் ஆங்கில வாத்தியார். வீடு பிரிக்ஃபீல்ட்ஸில், ஸ்காட் ரோட்டுக்குப் பின்னால். எழுபத்தி நாலில், கிள்ளானில் புத்தகக் கடை வைத்திருந்த லியூ என்பவருக்காக, சீனர்கள் ஆங்கிலம் படிக்கக் கேசட்டில் பாடம் பேசிக் கொடுத்தார். பாடத்துக்கு ஒரு சொல். மாஸ்டர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வார். லியூ சீனத்தில் அதன் பொருளைச் சொல்வார். அப்புறம், கேட்கிறவர் திருப்பிச் சொல்வதற்காக, டேப் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் ஓடும். மறுபடி அடுத்த வாக்கியம்.

மாஸ்டர் போன வருஷம் காலமாகிவிட்டார். அதற்கப்புறம் பூரணம் மத்தியானம் ஆனால் அறைக்குள் போய்ப் பதினோராம் பாடத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். ஆணும் பெண்ணும் பேசிக்கொள்கிற சத்தம் சுவர் தாண்டிக் கேட்கிறது என்று பக்கத்து வீட்டு நல்லம்மாள் சொன்னதில்தான் இந்தக் கலவரமே ஆரம்பித்தது.

சரி, இந்த வாரத்துக்கு வருவோம்.

சனிக்கிழமை காலை. பூரணம் கந்தசாமி கோயிலுக்குப் போயிருந்தாள். அன்றைக்கு அங்கே அபிஷேகம், சாப்பாடெல்லாம் முடிந்து வர மத்தியானம் ஆகும். அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் லியூவின் பழைய டட்சன் வந்து நின்றது.

லியூவுக்கு இப்போது தலை முழுக்க நரை. கையில் ஒரு பை ஆரஞ்சு. உள்ளே வந்ததும் மாஸ்டர் படத்துக்கு முன்னால் நின்று மூன்று தரம் குனிந்து கும்பிட்டார். அப்புறம்தான் உட்கார்ந்தார்.

"கடைக்குப் பின்னால ஸ்டோர்ல வெள்ளம் லா," என்றார். கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் மலாய், கிள்ளானில் வளர்ந்ததால் நிறையவே தமிழ். அவர் பேச்சு அப்படித்தான். "ஒரிஜினல் டேப் எல்லாம் பூஞ்சை புடிச்சிப் போச்சு. மத்த பாடம் அங்க இங்க ஆளுங்ககிட்ட கேட்டு வாங்கிட்டேன். பதினொண்ணு மட்டும் எங்கயும் இல்ல. உங்க வீட்டுல இருக்கும்னு தெரியும். ஒரு நாள் குடுங்க, காப்பி எடுத்துட்டுத் திருப்பித் தரேன்."

"வேற யாரையாவது வச்சுப் புதுசா பேச வைக்கலாமே, அங்கிள்?" என்று கேட்டாள் மீனலோசனி. சண்முகத்தின் தங்கை. கிள்ளானில் டீச்சர். அண்ணனுக்கு இல்லாத தைரியத்தையும் சேர்த்துப் பிறந்தவள்.

லியூ அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அந்தப் பாடத்துச் சொல்லு 'கீப்'. அது எப்படி வந்துச்சு தெரியுமா? நாங்க சீனங்க, மழை வந்தா என்ன கத்துவோம்? 'கீப் த க்ளோத்ஸ், கீப் த க்ளோத்ஸ்!' சீனத்துல அதுக்கு ஒரே சொல்லு. கொடியில கெடக்கற துணிய எடுக்கறதும் அதான், மேசையில கெடக்கற புத்தகத்த எடுத்து உள்ள வைக்கறதும் அதான். அத அப்படியே இங்கிலீஷ்ல 'கீப்'னு போட்டுருவோம். மாஸ்டர் வயிறு வலிக்கச் சிரிப்பார். 'லியூ, துணி எடுக்கறது ஒரு நிமிஷ வேலை. கீப் அப்படி இல்ல. எடுத்ததுக்கு அப்புறம் விடாம வச்சிருக்கறது. கோழிய கீப் பண்ணலாம், தினம் தீனி போடணும். வாக்க கீப் பண்ணலாம், தினம் ஞாபகம் இருக்கணும். ரோட்டுல இடது பக்கம் கீப் பண்ணலாம், வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அந்தப் பக்கத்துலயே போகணும்' அப்படின்னார். எனக்கு வேற எவன் சொல்லியும் புரியல, மீனா. அவர் சொல்லித்தான் புரிஞ்சுது."

மீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா போனபோது அவள் குவாந்தானில் வேலை பார்த்தாள். பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியாக ஒரு வார்த்தை அவர் வாயால் கேட்கவில்லை என்பது அவளுக்கு இன்னும் ஆறாத புண்.

"போட்டுக் கேப்போம், அண்ணா," என்றாள்.

சண்முகம் அம்மா அறைக்குள் போய் ரேடியோ கேசட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்து மேசையில் வைத்தான்.  சுவிட்சைத் தட்டினான்.

மாஸ்டர் வந்துவிட்டார். அதே கனத்த குரல். பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சு வரைக்கும் போகிற குரல்.

"மை வைஃப் கீப்ஸ் ஹென்ஸ்."

என் மனைவி கோழி வளர்க்கிறாள். உடனே இளவயசு லியூ சீனத்தில் பொருள் சொன்னார். கிழவர் லியூ வெட்கப்பட்டுச் சிரித்தார். அப்புறம் இடைவெளி. டேப் இரைந்துகொண்டு ஓடியது.

டக்.

"கோழியெல்லாத்தையும் நாய் பிடிச்சுக்கொண்டு போட்டுது. நான் ரெண்டு நாள் சாப்பிடேல்லை. ஏனெண்டு ஒருக்கால் கேட்டனீங்களோ?"

டக்.

மூன்று பேரும் உறைந்து போனார்கள். அது பூரணத்தின் குரல். டேப்புக்குள்ளிருந்து.

அடுத்த வாக்கியம் தலையில்லாமல் வந்தது. "...டு த லெஃப்ட்." இடது பக்கமாகவே போ. முன்னால் இருந்த 'கீப்' என்ற சொல்லைக் காணோம். லியூவின் சீனமும் பாதிதான் இருந்தது. மறுபடி டக். "ஓம், ஓரமாத்தான் போறன். நீங்கள் முன்னாலை போவியள், திரும்பிப் பாக்க மாட்டியள். நான் பின்னாலை வாறனோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்?" டக்.

"ஐயோ," என்றான் சண்முகம்.

மீனா டேப்பை நிறுத்தி வெளியே எடுத்தாள். விற்பனைக்கு வருகிற கேசட்டின் மேல் ஓரத்தில் ஒரு சின்னப் பல்லை உடைத்துவிட்டிருப்பார்கள், யாரும் மேலே பதிவு செய்ய முடியாதபடி. அந்த ஓட்டையில் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்டர் துண்டு ஒன்று, அளவாக வெட்டி, ஒழுங்காக ஒட்டியிருந்தது.

"அம்மா ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க," என்றாள். "அப்பா நிறுத்தற எடத்துல எல்லாம் பட்டனை அமுக்கி, பதில் சொல்லி, திருப்பி விட்டிருக்காங்க. கை கொஞ்சம் முந்தினா அங்கிளோட சீனத்துல கடைசி போச்சு. பிந்தினா அப்பாவோட அடுத்த வாக்கியத்துல ஆரம்பம் போச்சு."

புரிகிறதா? அவள் பேசப் பேச அவர் அழிந்துகொண்டிருந்தார். நல்லம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஆண் பெண் பேச்சு அதுதான்.

மறுபடி போட்டார்கள். போடாமல் இருக்க முடியவில்லை. சில இடங்களில் மாஸ்டருக்கு இரண்டு சொல் மிச்சம், சில இடங்களில் ஒன்று. கோழிக்கு அப்புறம் அந்த இடம் வரைக்கும் முழுசாகத் தப்பிய வாக்கியம் ஒன்றே ஒன்று வந்தது.

"கீப் கொயட், ப்ளீஸ்."

சத்தம் போடாமல் இரு. வகுப்பில் தினமும் சொல்வது. அதற்குப் பின்னால் டக் என்று கேட்டது. பூரணம் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மெதுவாக, "இருந்தனான்தானே," என்றாள்.

லியூ எழுந்துவிட்டார். "நிறுத்து சண்முகம். இது நான் கேக்கற விஷயம் இல்ல." வாசல் வரை போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.  "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வரேன். ஸ்டூடியோவுல சொல்லியாச்சு. எது மிச்சமோ அது போதும். போனதுக்கு... உன் குரல் இருக்கே, அப்படியே உங்கப்பா. நீ பேசிக் குடு."

"நானா?" என்றான் சண்முகம். அந்த நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

கார் போனதும் அண்ணனும் தங்கையும் பிடித்துக்கொண்டார்கள்.

"டேப்ப நான் எடுத்துட்டுப் போறேன்," என்றாள் மீனா. "இன்னைக்கு மத்தியானம் அவங்க மறுபடி உக்காந்தா இன்னும் கொஞ்சம் போயிடும்."

"அம்மா தேடுவாங்க லா. என்ன சொல்றது?"

"உண்மையச் சொல்லு. நீங்க பேசப் பேச அப்பா போறாருன்னு சொல்லு."

"பைத்தியமா உனக்கு? தெரியாமப் பண்ணியிருக்காங்க. அத்தனை பாசத்துல பண்ணியிருக்காங்க. அவர் குரலை அவங்க கையாலேயே அழிச்சிட்டாங்கன்னு தெரிஞ்சா உசிர் தாங்குமா?"

"அப்ப சொல்லாம அழிய விடுவியா? எனக்கு அவர் குரல் ஒண்ணுதான் மிச்சம், அண்ணா. உனக்காவது கடைசி நேரத்துல பக்கத்துல இருக்கக் கெடச்சுது."

 சண்முகம் ரேடியோ கேசட்டை அறையில் கொண்டுபோய் வைத்தான். கேசட்டை மட்டும் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அவன் எதையும் முடிவு செய்கிற ஆள் இல்லை. ஒளித்து வைப்பது அவனுக்குச் சுலபமாக வரும்.

சாயங்காலம் ஆக இன்னும் நேரம் இருந்தது. ரயில் பாதைப் பக்கமிருந்து அனல் அடித்தது. வீட்டில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும். சண்முகத்துக்குப் பாக்கெட் கனத்தது. அந்தச் சின்னப் பெட்டிக்குள் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பு அவனை உட்கார விடவில்லை. இரண்டு தரம் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு தரமும் அவசரமாக உள்ளே போட்டான்.

கோயிலில் நேரமாகி, பொழுது சாயப் போகிற நேரத்தில்தான் பூரணம் வந்தாள். நெற்றியில் விபூதி, கையில் பிரசாதப் பொட்டலம். "சாப்பிட்டியளோ?" என்று கேட்டாள். ஆரஞ்சுப் பையைப் பார்த்தாள். யார் வந்தது என்று கேட்கவில்லை. கால் கழுவினாள், அறைக்குள் போனாள்.

பிள்ளைகள் இருவரும் கூடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே மூடி திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து அவள் வெளியே வந்து நேராக மகன் முன்னால் நின்று கையை நீட்டினாள்.

"பொக்கட்டிலை இருக்கிறதைத் தா, தம்பி."

அவ்வளவுதான், சண்முகம் உடைந்துவிட்டான். அழுதுகொண்டே சொன்னான். "அம்மா, நாளைக்கு லியூ அங்கிள் அதக் காப்பி எடுக்க வரார், நீங்க அதுல பேசக்கூடாது மா. நீங்க பேசற எடத்துல அப்பா அழிஞ்சிட்டு வரார். உங்களுக்குத் தெரியாது..."

"தெரியும்," என்றாள் பூரணம்.

சண்முகத்துக்கு அழுகை நின்றுவிட்டது. மீனா அம்மாவையே பார்த்தாள்.

"ரேடியோக் கடைக்காரர் சொல்லித்தான் தந்தவர். இந்த ரெண்டையும் சேத்து அமத்தினால் முந்தி இருந்தது போயிடும் அம்மா, கவனம் எண்டு. அது எனக்கு விளங்காமலோ? பிளாஸ்டர் வெட்டி ஒட்டத் தெரிஞ்சவளுக்கு அது தெரியாதோ?"

"அப்ப ஏம்மா?"

பூரணம் நின்ற இடத்திலேயே நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"உங்கட அப்பா நல்ல மனுஷன். ஒரு நாள் கை நீட்டினதில்லை, ஒரு குறை வைச்சதில்லை. ஆனால் கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து அவர்தான் கதைச்சவர். பள்ளிக்கூடம், பேப்பர், ஊர் உலகம், எல்லாம் கதைப்பார். நான் வாய் திறந்தால் அவர் அடுத்த கதைக்குப் போயிடுவார். அது அவருக்கே தெரியாது. எனக்கும் பழகிப் போச்சுது எண்டுதான் நினைச்சன்."

"அம்மா..."

"பொறு பிள்ளை, சொல்லி முடிக்கிறன். அவர் போன பிறகு ஒரு நாள் ஆசைக்கு இதைப் போட்டுக் கேட்டன். ஒரு வசனம் சொன்னார். சொல்லிப்போட்டுப் பேசாமல் இருந்தார். எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. அந்த மனுஷன் நிப்பாட்டினாரே! ஆரோ சீனப் பிள்ளையள் திருப்பிச் சொல்லவேணுமெண்டு நிப்பாட்டினார். முன்னைப் பின்னைத் தெரியாத பிள்ளையளுக்கு விட்ட இடத்தை, இந்த வீட்டுக்குள்ளை எனக்கு ஒரு நாளும் விடேல்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுதான் நான் எடுத்துக்கொண்டன்."

சண்முகம் தலை குனிந்துகொண்டான். ஆனால் மீனா விடவில்லை. அவள் அப்படித்தான், எனக்கு அதற்காகவே அவளைப் பிடிக்கும்.

"உங்க பங்க நீங்க எடுத்துக்கங்க மா. நான் குறுக்க வரல. ஆனா அவர் குரல் உங்களுக்கு மட்டும் சொந்தமா? நான் அவர் முகத்தக்கூட உசிரோட பாக்கல. எனக்குன்னு ஒரு வாக்கியமாவது விட்டு வச்சிருக்கக் கூடாதா?"

பூரணத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அதை நான் யோசிக்கேல்லை, பிள்ளை," என்றாள். "என்ர கோபம்தான் பெரிசாத் தெரிஞ்சுது. உன்னை நான் நினைக்கேல்லை. அது பிழைதான்."

மீனா அம்மா காலடியில் உட்கார்ந்து அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுதாளா என்று கேட்காதீர்கள். அழாமல் இருக்க அவள் என்ன கல்லா?

மகள் தலையைத் தடவிக்கொண்டே பூரணம் சொன்னாள். "ஒண்டு இருக்கு. கடைசி வசனம். அதிலை நான் கை வைக்கேல்லை."

"ஏம்மா?"

"போடு தம்பி. கேளுங்கோ."

சண்முகம் மறுபடி ரேடியோ கேசட்டைத் தூக்கி வந்து, கேசட்டைப் போட்டு ஓட விட்டான். டக் டக் என்று அம்மாவும் அப்பாவும் மாறி மாறி அறுந்து அறுந்து ஓடினார்கள். கடைசியில் ஒரு சுத்தமான இடம் வந்தது. மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கீப் த டோர் ஓப்பன். ஐ ஆம் கமிங்."

கதவைத் திறந்தே வைத்திரு. நான் வந்துகொண்டிருக்கிறேன்.

லியூவின் சீனம் முடிந்தது. அப்புறம் இடைவெளி. யாரும் தொடாத இடைவெளி. மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அது வெறும் இரைச்சல் இல்லை. உள்ளே யாரோ இருந்தார்கள். நாற்காலி லேசாக முனகியது. ஒரு மூச்சு இழுபட்டது, மெதுவாக வெளியே வந்தது. அந்த ஆஸ்துமா மூச்சு சண்முகத்துக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் ராப்பகலாகக் கேட்டது. அப்பா பேசிவிட்டுப் போய்விடவில்லை. மைக்குக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்து, பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

மீனா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். டேப் ஓடி முடிந்து பட்டன் தானாகத் துள்ளியது.

"கேட்டியளே?" என்றாள் பூரணம்.  "எல்லா இடத்திலையும் இப்பிடித்தான் இருந்திருப்பார். மற்றதெல்லாத்துக்கும் ஆத்திரத்திலை சொல்லிப்போட்டன். இதுக்கு மட்டும் என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. வாங்கோ எண்டு சொல்லுறதோ? வேண்டாம், எனக்கு இப்பதான் கதைக்க வருது, வராதேங்கோ எண்டு சொல்லுறதோ?"

பூரணம் கேசட்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"லியூ நாளைக்கு எத்தினை மணிக்கு வாறார்?"

"ஒன்பது மணிக்கு மா," என்றான் சண்முகம்.

"அதுக்குள்ளை சொல்லிப்போட்டுத் தாறன்," என்றாள் பூரணம்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. லியூ போனபோது திறந்த முன்கதவு இன்னும் அப்படியே கிடந்தது. கொசு வருகிறது என்று மூன்று பேருக்குமே தெரியும். எழுந்து போய் அதைச் சாத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை.